கையில் கட்டிய கால்குலேட்டர்: பல்சர், சின்க்ளேர், ஹெச்பி-01, கேசியோ சி-80

1975 கடைசியில் நகைக்கடைப் பொருளாக வந்த கால்குலேட்டர் வாட்ச், 1980-களில் பள்ளிப் பிள்ளைகள் கட்டும் பிளாஸ்டிக் வாட்சாகிவிட்டது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் விலை இறங்கியதைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு விலையைவிட இரண்டு கேள்விகள் பெரிதாகப் படுகின்றன. பொத்தானை எதைக் கொண்டு அழுத்துவது? கடிகாரமும் கால்குலேட்டரும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் கட்டியவருக்கு என்ன லாபம்? இதை வைத்து நான்கையும் பார்ப்போம்.

முதலில் பல்சர். 1972-இல் எல்.இ.டி. வாட்சை, அதாவது எண்கள் ஒளிரும் வாட்சைக் கொண்டுவந்த அமெரிக்கக் கடிகார நிறுவனமான ஹாமில்டன் வழி வந்த பிராண்டு இது. முதலில் வந்த கால்குலேட்டர் வாட்ச் 18 கேரட் தங்கத்தில், 3,950 டாலர். அடுத்த வருடம் ஸ்டீலில் 550 டாலருக்கு வந்தது. சிவப்பு எல்.இ.டி. மின்சாரத்தைக் குடிக்கும் என்பதால் முகப்பு எப்போதும் இருண்டே இருக்கும். மணி பார்க்கவே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கணக்குப் பொத்தான்களோ விரல் நுனிக்கு அடங்காத அளவு சின்னவை. கூரான முனை ஒன்று இல்லாமல் கூட்டல்கூடப் போட முடியாது. முதலாவது என்ற பெருமை இதற்கு நிச்சயம் உண்டு. ஆனால் நேரம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் என்று இரண்டும் ஒட்டாமலே கிடந்தன.

பிரிட்டனில் 1977-இல் வந்த சின்க்ளேர் ரிஸ்ட் கால்குலேட்டர் இதற்கு நேர் எதிர். அதில் கடிகாரமே கிடையாது. தபாலில் உதிரி பாகங்களாக வரும். வாங்கியவர்தான் பற்றவைத்துப் பூட்ட வேண்டும். அத்தனை சின்னப் பலகையில் பழக்கமில்லாத கை சிரமப்பட்டதில் வியப்பில்லை. ஆனாலும் ஒரு விஷயத்துக்காக அதை மெச்சுகிறேன். பொத்தான்களின் எண்ணிக்கையைக் குறைத்து, பக்கவாட்டுச் சுவிட்சை நகர்த்தினால் அதே பொத்தான் வேறு வேலை செய்யும்படி அமைத்திருந்தார்கள். விரலுக்கு இடம் கொடுப்பதுதான் முதல் பிரச்சினை என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

அதே 1977-இல் ஹியூலெட் பேக்கார்டு வெளியிட்டது ஹெச்பி-01. விலை 650 டாலரில் தொடங்கியது. மொத்தம் 28 பொத்தான்கள். தேதி, நேரம், அலாரம், ஸ்டாப்வாட்ச் போல அடிக்கடி தேவைப்படுபவை சற்று மேடாக இருக்கும், விரலால் அழுத்தலாம். மற்றவை பள்ளத்தில் இருக்கும். அவற்றைக் குத்த ஒரு குட்டிக் குச்சி, வாட்ச் பட்டையின் கொக்கியிலேயே செருகி வைத்திருக்கும். உள்ளே மூன்று பேட்டரிகள். அதில் இரண்டு, முகப்பின் எண்களை ஒளிரவைக்கவே போய்விடும். கனமான, தடித்த வாட்ச்.

இத்தனை குறையையும் மீறி, நான்கில் என் மனம் இதன் பக்கமே சாய்கிறது. காரணம், இதில் மட்டும்தான் நேரமும் கணக்குக்குள் வரும் ஓர் எண். இன்றைய தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழித்தால் எத்தனை நாள் என்று சொல்லும். 1900 முதல் 2099 வரையிலான நாட்காட்டி உள்ளேயே இருக்கிறது. ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை ஒரு விகிதத்தால் பெருக்கலாம். அந்தக் காலத்தில் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டால் நிமிடக் கணக்கில் காசு ஏறும் அல்லவா? கட்டண விகிதத்தைப் போட்டு ஸ்டாப்வாட்சால் பெருக்கிவிட்டுப் பேசத் தொடங்கினால், ஆட்டோ மீட்டர் மாதிரி செலவு நொடிக்கு நொடி ஏறுவது மணிக்கட்டிலேயே தெரியும். பல்சருக்கு இது முடியாது. பின்னால் வந்த கேசியோவும் இந்தப் பக்கம் வரவில்லை. இன்னொன்று: ஹெச்பி கால்குலேட்டர்களுக்கே உரிய, சமக்குறி இல்லாமல் கணக்குப் போடும் முறையை இதில் விட்டுவிட்டு, எல்லோரும் அறிந்த வழக்கமான முறையையே வைத்தார்கள். எடுத்த உடனே யாரும் பயன்படுத்தட்டும் என்ற அக்கறை அது.

ஆனாலும் ஹெச்பி-01 நிலைக்கவில்லை. சில வருடங்களில் தயாரிப்பு நின்றது. வாரிசு மாடலும் வரவில்லை.

1980-இல் கேசியோ சி-80 வந்து, முதல் கேள்விக்கு முடிவான பதிலைச் சொல்லிவிட்டது. குச்சி வேண்டாம், விரலே போதும். எல்.சி.டி. முகப்பு என்பதால் மணி எந்நேரமும் தெரியும், பேட்டரியும் நீடிக்கும். உடல் பிளாஸ்டிக், அதனால் எடை இல்லை. சட்டைக் கைக்குள் அடங்கும். இரண்டாவது கேள்வியை அது தொடவே இல்லை: நேரம் பார்ப்பது ஒரு நிலை, கணக்குப் போடுவது வேறொரு நிலை, இரண்டும் ஒட்டாது. கடையில் சில்லறை சரிபார்க்க, மதிப்பெண் கூட்டிப் பார்க்க அதுவே தாராளம். தினமும் கட்டுவதற்கு எது என்று கேட்டால் தயங்காமல் கேசியோவைத்தான் சொல்வேன்.

இன்று வாங்க நினைப்பவருக்கும் வழி ஏறக்குறைய இதுதான். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கேசியோ சி.ஏ-53டபிள்யூ இன்னும் புதிதாகவே கிடைக்கிறது. ஹெச்பி-01 சேகரிப்பாளர்களிடம்தான் கிடைக்கும். அதை வாங்கும்போது கொக்கிக்குள் அசல் குச்சி இருக்கிறதா, பள்ளத்துப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் வேலை செய்கின்றனவா என்று குத்திப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு ஓர் எண்ணால் பெருக்கியும் பாருங்கள். அது ஓடாவிட்டால் அந்த விலை கொடுக்கக் காரணமே இல்லை.