ஆர்.சி. என் பெயரில், ஆப் புனலூர்க்காரர் கையில்

வண்டியைப் போனிலிருந்தே பார்க்கவும் இயக்கவும் கம்பெனி கொடுக்கும் கனெக்டட் கார் ஆப்புக்கு என் மார்க் ஐந்துக்கு இரண்டரை. காரைப் பற்றிக் குறை இல்லை, மலை ஏறுவதில் கெட்டி. மார்க் குறைந்தது முழுக்க ஆப்பால்தான். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. மற்ற கம்பெனி வண்டி வைத்திருக்கும் கூட்டாளிகளும் ஏறக்குறைய இதையேதான் புலம்புகிறார்கள்.

எனக்குப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை. சரக்கு லாரியில் போய்விடும். வசூலுக்குத்தான் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு தாண்டிப் புனலூர், கொட்டாரக்கரை என்று நான் அலைய வேண்டும். அதற்காகப் புனலூரில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஏழு சீட் கார் இது. கம்பெனியே உள்ளே சிம் வைத்து அனுப்பிய மாடல்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெயிலில் கிடக்கும் வண்டிக்குக் கடைக்குள் இருந்தே ஏ.சி. போடலாம். ஐந்தருவிப் பக்கம் நிறுத்திவிட்டு வந்தபின் பூட்டினோமா என்று சந்தேகம் வந்தால் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். டயர் காற்றும் சரியாகவே காட்டுகிறது.

அப்புறம்தான் வில்லங்கம். கேரளாவில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, தென்காசியில் ஆயுள் வரி கட்டி, கே.எல்-25 போய் டி.என்-76 ஆகி, ஆர்.சி.யும் என் பெயரில் வந்துவிட்டது. ஆப் மட்டும் பழைய உரிமையாளரின் போன் நம்பரிலேயே இருந்தது. ஒரு வசூல் நாளில் அவரே கூப்பிட்டார்: "அண்ணாச்சி, வண்டி கொட்டாரக்கரையில இத்தனை நேரமா கிடக்குதே, வல்ல ப்ரஷ்னமும் உண்டோ?" ஏதும் பிரச்சினையா என்று அக்கறையாகத்தான் கேட்டார், தங்கமான மனுஷன். எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

என் கார் எந்தக் கடை வாசலில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் என் தொழில். யார் ஐந்து நிமிடத்தில் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார், யார் டீ வாங்கிக் கொடுத்தே இழுத்தடிக்கிறார், எந்தத் தெருவுக்கு இப்போது போவதில்லை என்பதெல்லாம் அந்த மேப்பில் இருக்கிறது. வண்டியை விற்றவர் அல்லாமல் போட்டிக் கடைக்காரர் ஒருவர் கையில் அது கிடைத்தால் என் பேரேடே அவர் மேஜையில் இருக்கிற மாதிரி.

விற்றவர் தன் போனில் ஆப்பை அழித்துப் பார்த்தார். ஆப்தான் போனது, கணக்கு போகவில்லை. ஷோரூமில் கேட்டால் கால் சென்டர் என்றார்கள், கால் சென்டரில் கேட்டால் ஷோரூம் என்றார்கள். கடைசியில் புது ஆர்.சி., என் அடையாள அட்டை, விற்றவரின் ஒப்புதல் மெயில் எல்லாம் அனுப்பிய பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். இதன் நடுவே, டேஷ்போர்டுத் திரையில் அவருடைய போன் புத்தகம் அப்படியே கிடந்ததையும் பார்த்தேன்: அம்மச்சி, பால்காரர், ஸ்கூல் வேன். அவர் என் ஊர்சுற்றலைப் பார்த்தார், நான் அவர் வீட்டு நம்பர்களைப் பார்த்தேன். கணக்கு சரிதான், ஆனால் இரண்டு பேருமே கேட்டு வாங்கிய சலுகை இல்லை அது. திரையை ரீசெட் செய்து அழித்தேன்.

கணக்கு என் பெயருக்கு வந்த பிறகும் தரவு என் கைக்கு வரவில்லை. பயண விவரத்தை நாள் நாளாகத் திரையில் பார்க்கலாம், மொத்தமாக இறக்கிக்கொள்ள வழி இல்லை. இடையில் பேட்டரி அடிக்கடி இறங்கியது. செங்கோட்டைப் பட்டறைக்காரர் ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கோளாறைப் படிப்பதற்கென்றே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி அந்த நேரத்துப் பிழைக் குறியீட்டைப் படித்தார். "முந்தின மாசம் வோல்டேஜ் எப்படி ஓடுச்சுன்னு தெரிஞ்சா போதும் அண்ணாச்சி" என்றார். அது கம்பெனி சர்வரில், கேட்டால் அவர்கள் சர்வீஸ் சென்டருக்கே வரச் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுச் சட்டப்படி, இப்படிப்பட்ட தரவை வண்டிக்காரர் தனக்குக் கேட்டு வாங்கலாம், தான் விரும்பும் பட்டறைக்கும் கொடுக்கச் சொல்லலாம். நம் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பார்க்க, திருத்த, அழிக்கக் கேட்கும் உரிமை உண்டு. எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போகும் உரிமை 2019 மசோதாவில் இருந்தது, சட்டமானபோது இல்லை. இருக்கிற உரிமைகளும் 2025 நவம்பரில் விதிகள் வந்ததிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும்.

அடுத்து இந்த டிரைவிங் ஸ்கோர். சில நாள் என் அக்கா மகன்தான் வண்டி ஓட்டுவான். ஆரியங்காவிலிருந்து கோட்டைவாசல் தாண்டி எஸ் வளைவில் இறங்கும்போது எதிரே லாரி வந்தால் பிரேக்கை அழுத்தித்தான் ஆக வேண்டும். ஆப் அதை 'முரட்டு பிரேக்' என்று குறிக்கிறது. ஆலங்குளம் நேர்ரோட்டில் போனால் மார்க் ஏறுகிறது. "பிரேக் போடாம லாரிக்குள்ள போயிருந்தா நூறு மார்க் குடுத்திருக்குமா மாமா?" என்று கேட்டான். ஓட்டியது அவன், மார்க் வருவது என் போனுக்கு. நான் காட்டினால்தான் அவனுக்கே தெரியும்.

இது விளையாட்டுக் காரியம் இல்லை. ஓட்டும் விதத்தைப் பார்த்துப் பிரீமியம் போடும் பாலிசிகளுக்கு நம் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதி கொடுத்தாயிற்று. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஓட்டுநர்களின் பிரேக், வேகம், இடம் எல்லாவற்றையும் முறையான சம்மதம் இல்லாமல் விற்றதாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. அதை வைத்து அங்கே சிலருக்குப் பிரீமியம் ஏறியிருந்தது. எங்கள் எஸ் வளைவைப் பற்றி எந்த சர்வருக்கு என்ன தெரியும்?

என் ஆப்பிலும் 'கூட்டாளி நிறுவனங்களுடன் பகிர' என்று ஒரு பொத்தான் உண்டு. செட்டிங்ஸில் மூன்று படி உள்ளே, ஆங்கிலத்தில் மட்டும், முன்கூட்டியே ஆன் ஆகி இருந்தது. அணைத்துவிட்டேன். தமிழிலோ மலையாளத்திலோ ஒரு வரி இல்லை. வண்டி ஓடுவதோ இந்த இரண்டு பாஷைக்கும் நடுவில்.

எல்லை தாண்டிப் பழைய வண்டி வாங்குகிறவர்கள், பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன் விற்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கணக்கு மாற்ற விண்ணப்பத்தை அனுப்ப வையுங்கள். என்.ஓ.சி. கேட்கிற மூச்சிலேயே இதையும் கேளுங்கள். என் ஆப் சந்தா முடியப் போகிறது. ஏ.சி.க்காகவும் பூட்டுக்காகவும் ஒரு வருடத்துக்கு மட்டும் கட்டுகிறேன், மூன்று வருடப் பேக் வேண்டாம்.