ஐரோப்பியத் துறைமுகங்களில் கப்பல் மின்கழிவு இறக்கும் சேவை: எப்படி இருக்கிறது?

ரோட்டர்டாம், ஆன்ட்வெர்ப், ஹாம்பர்க் பக்கம் போகும் கப்பல்களுக்கு, சேர்த்து வைத்த மின்கழிவை இறக்க இதைவிட நல்ல ஏற்பாடு அமைவது அரிது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/883 உத்தரவின்படி, குப்பை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கப்பல் ஒரு கட்டணம் கட்டியாக வேண்டும். அதற்கு ஈடாக, சரக்கு எச்சம் நீங்கலாக, மார்போல் (கப்பல்களால் கடல் மாசடைவதைத் தடுக்கும் பன்னாட்டு ஒப்பந்தம்) 5ஆம் இணைப்பில் வரும் குப்பையைத் துறைமுகம் தனிக்காசு கேட்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். செத்துப்போன கணினியையும் பிரிண்டர் கார்ட்ரிட்ஜையும் அடுத்த துறைமுகத்துக்குச் சுமந்து போக அவசியமே இல்லை.

இதில் ஒரு வரம்பு உண்டு, பலர் கவனிப்பதில்லை. கப்பல் வருவதற்கு 24 மணி நேரம் முன்பே அனுப்பும் குப்பை முன்னறிவிப்புப் படிவத்தில், ஒவ்வொரு வகைக்கும் கப்பலில் உள்ள சேமிப்புக் கொள்ளளவையும் எழுத வேண்டும். மின்கழிவுக்கு 0.1 கன மீட்டர் என்று ஏனோதானோவென்று போட்டுவிட்டு 0.5 கன மீட்டர் இறக்கினால், கூடுதலுக்குத் தனியாகக் காசு கேட்கலாம். டிரம், அலமாரி எல்லாவற்றையும் அளந்து உண்மையான அளவை எழுதுங்கள்.

குப்பை வாங்கும் படகு பக்கத்தில் வந்து நின்ற பிறகு வரும் சிக்கல்கள் பெரும்பாலும் தரம் பிரிக்காததால் வருபவை. ட்யூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் அந்தப் பெட்டி முழுவதும் ஆபத்தான கழிவாகிவிடும். புது ட்யூப் வந்த அட்டை உறையிலேயே பழையதைப் போட்டு வையுங்கள். லித்தியம் பேட்டரியின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட உலோக டப்பாவில், சூடு படாத இடத்தில் தனியே வைக்க வேண்டும். முனைகள் ஒன்றோடொன்று உரசினால் தீப்பிடிக்கலாம். ரேடாரில் நுண்ணலையை உண்டாக்கும் மேக்னட்ரான் குழாயில் வலுவான காந்தம் இருப்பதால் காந்தத் திசைகாட்டிக்கு அருகே வைக்கவே கூடாது. சில வகைகளின் பீங்கானில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும், உடைக்காதீர்கள்.

கப்பல் ஆபத்தில் சிக்கினால் செயற்கைக்கோள் வழியே அபாய சமிக்ஞை அனுப்பும் ஈபிர்ப் (EPIRB) கருவியில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. பேட்டரியோடு குப்பையில் போனால், குப்பைக் கிடங்கிலிருந்தே 406 மெகாஹெர்ட்ஸில் அபாய சமிக்ஞை கிளம்பக்கூடும். கடலில் யாரோ ஆபத்தில் இருப்பதாக நினைத்து மீட்புக் குழு தேடத் தொடங்கிவிடும். முதலில் சர்வீஸ் ஆளை வைத்துப் பேட்டரியைக் கழற்றுங்கள், பிறகு அந்தக் கருவியின் பதிவை ரத்து செய்யுங்கள். அமெரிசியம் என்ற கதிரியக்கப் பொருள் உள்ள பழைய புகை உணர்விகளைச் சாதாரண மின்கழிவோடு கலக்கக் கூடாது. கப்பலின் துறைமுக ஏஜென்டிடம் தனியாகச் சொல்லி ஏற்பாடு செய்ய வேண்டும்.

குறை என்று சொன்னால், பேட்டரியையும் ட்யூப்பையும் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதில் துறைமுகத்துக்குத் துறைமுகம் நடைமுறை மாறுகிறது. எந்தப் பிரிவு என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொண்டால் கேங்வேயில் (கப்பலில் ஏறும் படிவழியில்) வாக்குவாதம் இருக்காது. ரசீது சில நேரம் கிலோவில் வரும். கப்பலின் குப்பைப் பதிவேடான கார்பேஜ் ரெக்கார்டு புத்தகமோ கன மீட்டரில் கேட்கும். இறக்கும்முன் பெட்டிகளை அளந்து குறித்துக்கொண்டு, அந்த அளவை அதில் மின்கழிவுக்கான 'ஐ' (I) பிரிவில் எழுதுங்கள். ரசீதைப் புத்தகத்தோடு சேர்த்து 2 ஆண்டு பத்திரமாக வையுங்கள். துறைமுக ஆய்வாளர் முதலில் கேட்பது அதைத்தான்.