மரமணிப் பெட்டியா, மொச்சைக்கொட்டையா? பிள்ளைகளின் விரல் பழக்கத்துக்கு எது மேல்?

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளையின் விரல்களைப் பழக்க, சேலத்துப் பெற்றோருக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. நூலில் கோர்க்க மரமணிகளும், துளைகளில் முளைகளைச் செருகும் பலகையும் அடங்கிய, இணையத்தில் விற்கும் பெட்டிகள் ஒன்று. எழுத்தின் மேல் விரலால் இழுக்கச் சொல்லும் கைபேசிச் செயலிகள் மற்றொன்று. வீட்டில் எப்படியும் நடக்கும் வேலைகள் மூன்றாவது.

செயலிகளை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். திரையில் மெல்லத் தொட்டாலும் அழுத்தித் தொட்டாலும் விழுவது ஒரே கோடுதான். பென்சில் பிடிக்கத் தேவையானதோ, கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பழக்கம். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. அந்த நேரத்தை எழுத்துப் பயிற்சியின் பெயரால் செலவழிப்பதைவிட, பாட்டுக் கேட்கவிடுவதே நல்லது.

உண்மையான போட்டி பெட்டிக்கும் வீட்டு வேலைக்கும்தான். பெட்டியின் பலம் பாதுகாப்பு. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதால், முத்திரையையும் வயதுக் குறிப்பையும் பார்த்து வாங்கினால் தொண்டையில் சிக்கும் துண்டுகளைப் பற்றிய கவலை பெருமளவு குறையும். எதையும் வாயில் போடும் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு நானும் பெட்டியையே பரிந்துரைப்பேன். ஆனால் எல்லா மணிக்கும் ஒரே துளை, ஒரே பருமன். கோர்க்கத் தெரிந்துவிட்டால் அதன்பின் விரலுக்குப் புதிய வேலை இல்லை.

மார்கழி, தை மாதங்களில் பிதுக்கு பருப்புக் குழம்புக்காக ஊறவைக்கும் மொச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டையின் ஒரு முனையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தோல் வழுக்கி, பருப்பு மறுமுனை வழியாகத் துள்ளி விழும். அழுத்தம் குறைந்தால் தோல் அசையாது, கூடினால் பருப்பு இரண்டாகப் பிளக்கும். சரியான அளவைப் பிள்ளையின் விரல் தானே கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு கொட்டையும் ஊறிய விதத்தில் வேறுபடுவதால் பயிற்சியும் அலுப்பதில்லை. வேகாத மொச்சையை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள மட்டும் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

பூ கோர்ப்பதற்கு மல்லியைவிடச் சம்பங்கி உகந்தது. காம்பு நீண்டு தடித்திருப்பதால் பிள்ளையின் பிடிக்கு அடங்கும். சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் குவிந்து கிடக்கும் அரளியைப் பிள்ளை கையில் தரவே கூடாது, அது நஞ்சு. கோலமோ இன்னும் நுட்பமானது. மாவை விரல் நுனிகளால் கிள்ளி, கட்டைவிரலை மெல்ல நகர்த்தி இழை விடும்போது பென்சில் பிடிக்கும் அதே மூன்று விரல்கள் வேலை செய்கின்றன. கல்மாவை விட்டுவிட்டு அரிசி மாவைக் கொடுங்கள்.

நீரில் உப்பும் வண்ண ஜெல் மணிகளைச் சிலர் விளையாட்டுப் பொருளாக வாங்கித் தருகிறார்கள். விழுங்கினால் அவை குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும். சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த நம் மாவட்டத்தில் அந்த ஆபத்து எதற்கு? ஊறிய நைலான் ஜவ்வரிசியைக் கரண்டியால் கிண்ணம் மாற்றுவதும் விரலால் பொறுக்குவதும் அதே வேலையைச் செய்யும். சாதாரண மாவு ஜவ்வரிசி குழைந்துவிடும் என்பதால் நைலான்தான் வேண்டும்.

வீட்டு வேலை தோற்கும் இடம் நேரம். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் குடும்பத்தில், தரையெல்லாம் சிந்திய மாவைக் கூட்டிப் பெருக்க யாருக்குத் தெம்பு இருக்கும்? அங்கே பெட்டியும் களிமண் உருண்டையும் போதும். பிறக்கும்போது மணிக்கட்டின் சிறு எலும்புகள் வெறும் குருத்தெலும்பாகவே இருந்து பல ஆண்டுகளில்தான் படிப்படியாக இறுகுகின்றன என்பதை நினைத்தால், எல்.கே.ஜி. பிள்ளைக்கு நாலு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதக் கொடுப்பதைவிட இவற்றில் எதுவும் மேல்.

கத்தரிக்கோலுக்கு மட்டும் வீட்டில் மாற்று கிடையாது. முனை மழுங்கியதைக் கடையில்தான் வாங்க வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையாக இருந்தால், வலக்கைக்கு மாற்ற முயலாமல், இடக்கைக்கென்றே செய்ததைக் கேட்டு வாங்குங்கள். வலக்கைக் கத்தரியை இடக்கையில் பிடித்தால் அலகுகள் விலகித் தாள் வெட்டுப்படாமல் மடிந்து போகும்.