வீடியோ டவுன்லோடர் ஆப்: இரண்டு வாரம் வைத்திருந்து நீக்கிவிட்டேன்

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா வீடியோ பார்த்துத்தான் பயிற்சி செய்கிறார். அவர் அறையில் சிக்னல் நிற்பதில்லை. காலைத் தூக்கிப் பிடித்திருக்கும் நேரத்தில் படம் நின்று வட்டம் சுற்றும். பாவம், காலை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்ப்பார். அதற்காகத்தான் அவர் போனில் ஒரு டவுன்லோடர் ஆப் போட்டேன்.

இறக்கும் வேலையில் குறை சொல்ல முடியாது. லிங்கை ஒட்டினால் போதும். 1080 தரத்தில் எடுத்தாலும் சத்தத்தோடு வந்தது. உயர்தர வீடியோக்களில் படமும் ஒலியும் பெரும்பாலும் தனித்தனியாக வரும். இரண்டையும் சேர்க்கத் தெரியாத ஆப்களில் ஊமைப்படம்தான் கிடைக்கும். இது சரியாகச் சேர்த்தது.

ஆனால் இது பிளே ஸ்டோரில் இல்லை. அதன் தளத்திலிருந்து ஏபிகே கோப்பாக, அதாவது ஆண்ட்ராய்டு ஆப்பை நேரடியாக நிறுவும் கோப்பாக, எடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் ஒரே மாதிரி மூன்று பச்சைப் பொத்தான்கள். முதலில் தொட்டது வேறு ஏதோ பெயரில் ஒரு ஏபிகேயை இறக்கியது. பெயரைப் பார்த்ததும் திறக்காமலே அழித்தேன்.

அப்புறம் ஆப் பர்மிஷன் கேட்க ஆரம்பித்தது. வீடியோவைச் சேமிக்க ஸ்டோரேஜ் கேட்டது, சரி. நோட்டிஃபிகேஷன்களைப் படிக்கும் அனுமதி எதற்கு? அதைக் கொடுத்தால் திரையில் வந்து விழும் வங்கி ஓடிபியையும் அந்த ஆப் படிக்கலாம். வெளியிலிருந்து போட்ட ஆப்களுக்கு இந்த அனுமதி எளிதில் போய்விடாதபடி ஆண்ட்ராய்டு 13 முதல் ஒரு தடுப்பு இருக்கிறது. அந்தத் தடுப்பை எப்படி நீக்குவது என்று இந்த ஆப்பே அம்புக்குறி போட்டுப் படம் காட்டியது! எனக்கு அங்கேயே மனசு விட்டுப்போனது. அப்போதே நீக்கியிருக்க வேண்டும். பயிற்சி தடைபடுமே என்று, அந்த அனுமதியை மட்டும் மறுத்துவிட்டு வைத்திருந்தேன்.

இரண்டாவது வாரம், மற்ற ஆப்களின் மேல் தோன்றுவதற்கு அனுமதி கேட்டிருக்கிறது. அம்மா 'சரி' என்று அழுத்திவிட்டார். அன்று இரவு போன் அதிர, 'உங்கள் போனில் 5 வைரஸ்' என்று திரை முழுக்கச் சிவப்பு. பயந்துபோய் என்னை எழுப்பினார். அது விளம்பரம்தான், ஆனால் வயதானவரை நடுராத்திரியில் நடுங்க வைப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆப்பை நீக்கி, ஆபத்தான ஆப்களைத் தேடும் கூகுளின் பிளே புரொடெக்ட் ஸ்கேனை ஓட்டி, பிரவுசருக்குக் கொடுத்திருந்த 'தெரியாத ஆப்களை நிறுவும்' அனுமதியையும் அணைத்த பிறகுதான் படுத்தேன்.

ஐந்துக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் ஒலியைச் சரியாகச் சேர்த்ததற்கு. யூடியூப் ஆப்பிலேயே இருக்கும் டவுன்லோட் வசதி இதைவிடப் பாதுகாப்பானது. அவ்வப்போது இணையத்தோடு இணைந்தால்தான் அந்த வீடியோக்கள் தொடர்ந்து ஓடும், அவ்வளவுதான். எங்களுக்கு அதுவும் தேவைப்படவில்லை. பிசியோதெரபிஸ்டிடம் சொன்னதும், அம்மாவையே செய்ய வைத்து நான்கு பயிற்சிகளை அம்மாவின் போனிலேயே வீடியோ எடுத்துக் கொடுத்தார். "இப்ப மெதுவா இறக்குங்கம்மா" என்று அதில் பிசியோதெரபிஸ்டின் குரல் வரும்போதுதான் அம்மா காலை இறக்குகிறார்.