பிரெஞ்சு இமர்ஷன் வகுப்பு: பேச்சுக்கு முழு மதிப்பெண், வாசிப்புக்குப் பாதி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து அரசுப் பள்ளி ஒன்றில், பாடங்களையே பிரெஞ்சு மொழியில் கற்பிக்கும் பிரெஞ்சு இமர்ஷன் பிரிவில் முதலாம் தரத்தில் சேர்ந்த எங்கள் மகள் இப்போது மூன்றாம் தரத்தில் படிக்கிறாள். எட்டாம் தரம் முடிவதற்குள் குறைந்தது 3800 மணித்தியாலங்கள் பிரெஞ்சில் கற்பிக்கப்பட வேண்டும் என்பது மாகாண விதி. பிரெஞ்சை ஒரு தனிப் பாடமாக மட்டும் கற்பிக்கும் வழக்கமான கோர் பிரெஞ்சுக்கு 600 மணித்தியாலங்களே. பிள்ளையைச் சேர்க்க எண்ணும் பெற்றோர் அறிய வேண்டியது, அந்த நேரம் வகுப்பறையில் அன்றாடம் எப்படிச் செலவாகிறது என்பதே.

காலையில் பிள்ளைகள் விரிப்பில் அமர்ந்ததும், அன்றைக்குப் பொறுப்பான பிள்ளை நாட்காட்டியின் முன் நின்று கிழமையையும் திகதியையும் சொல்லி, வானிலையைக் கேட்கும். யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, எல்லோரும் ஒரே குரலில் "இல் நேஜ்" என்பார்கள். பெரியவர்களுக்குச் சலிப்பூட்டும் இந்தத் திரும்பத் திரும்பச் சொல்லல்தான் பிள்ளைகளின் நாவைப் பழக்குகிறது. கழிப்பறைக்குப் போகவும் பிரெஞ்சிலேயே அனுமதி கேட்க வேண்டும் என்பதால், அந்த நீண்ட வாக்கியம் எல்லோருக்கும் வெகு விரைவில் மனப்பாடமாகிவிடுகிறது. அவசரத்தைவிட நல்ல ஆசிரியர் ஏது!

எனக்கு மிகவும் பிடித்தது அறிவியல் பாடம். தண்ணீர்த் தொட்டியில் தக்கையையும் நாணயத்தையும் போட்டுவிட்டு, மிதந்தால் "ஸா ஃப்லோத்", மூழ்கினால் "ஸா கூல்" என்று கத்துகிறார்கள். கையால் செய்ததோடு சேர்ந்து வருவதால் சொல் மறப்பதில்லை. ஆனால் ஆசிரியை அடுத்த மேசைக்கு நகர்ந்ததும் பேச்சு ஆங்கிலத்துக்குத் தாவிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குறை வாசிப்பில்தான். "ஓ" என்ற ஒரே ஒலியைப் பிரெஞ்சில் பல விதமாக எழுதுவார்கள். சொல்லின் கடைசி எழுத்து பெரும்பாலும் ஒலிப்பதே இல்லை. இப்படிப்பட்ட மொழியில் வாசிப்புப் புத்தகத்தை ஒலிப்பதிவு எதுவுமின்றி வீட்டுக்கு அனுப்பினால், பிரெஞ்சு தெரியாத நாங்கள் பிள்ளை வாசிப்பது சரியா என்று எப்படி அறிவது? தடுமாறும் பிள்ளைக்கு மேலதிக உதவி கேட்டுப் போன பெற்றோருக்கு, ஆங்கிலப் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள் என்பதே முதல் ஆலோசனையாகக் கிடைத்தது. இது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகவே எனக்குப் படுகிறது.

ஆங்கிலம் பின்தங்கிவிடுமோ என்ற அச்சம் பெரிதாக வேண்டியதில்லை. 1965இல் கியூபெக்கின் சென் லாம்பேரில் தொடங்கிய முதல் இமர்ஷன் வகுப்பை ஆராய்ந்தவர்களே, ஆங்கிலப் பாடம் சேர்ந்தபின் தொடக்க இடைவெளி மறைவதைக் கண்டார்கள்.

சேர்க்கும் முன் நடக்கும் தகவல் கூட்டத்தில், வாசிப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு யார், எந்த நேரத்தில் உதவுவார் என்று கேளுங்கள். பள்ளிப் பேருந்து வசதி உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அது எல்லாக் கல்விச்சபைகளிலும் ஒரே மாதிரி இல்லை.