நீச்சல் குளத் தரை: கால் சுடவில்லை, பாசி விடவில்லை

குளத்தைச் சுற்றியுள்ள தரைக்கு மறுபடியும் சீலர் (நீரும் கறையும் உள்ளே இறங்காமல் காக்கும் மேல்பூச்சு) அடித்து, யாரும் மிதிக்காமல் இருக்கக் கயிறு கட்டி வைத்திருக்கிறோம். அது காய்வதற்குள் இதை எழுதிவிடுகிறேன். முட்டம் பக்கம் கடலோரத்தில் எங்கள் குடும்பம் நடத்தும் ஹோம்ஸ்டேயில் ஒரு சின்ன நீச்சல் குளம் உண்டு. அதைச் சுற்றியிருந்த பழைய தளத்தை உடைக்காமல், அதன் மேலேயே கிரீம் நிறத்தில் பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சு போட்டோம். மார்த்தாண்டத்தில் வீட்டோடு குளம் கட்டும் நண்பன், "மக்கா, நானும் அதையே போடட்டா?" என்று கேட்டிருக்கிறான். பூச்சின் கனம், காயும் நேரம், நிறங்கள் எல்லாம் கம்பெனித் தாளிலேயே இருக்கின்றன. அதில் இல்லாததைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் வெயில். குமரி மாவட்டத்தில் என்ன பெரிய வெயில் என்று திருநெல்வேலிக்காரர்கள் கேட்பார்கள். காற்றின் வெப்பத்தை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் செருப்பில்லாமல் நடக்கும் தரைக்குக் கணக்கு வேறு. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 டிகிரியில். ஏப்ரல் 10 வாக்கிலும், மறுபடி செப்டம்பர் தொடக்கத்திலும் மத்தியான வெயில் நேர் உச்சியில் நிற்கும். சுவர் நிழல், மர நிழல் எல்லாம் அடியோடு ஒடுங்கிவிடும். கடல் காற்று வியர்வையை ஆற்றும். திறந்து கிடக்கும் கல்லை அந்த அளவுக்கு ஆற்றாது.

எங்களிடம் முன்பு இருந்தது சிவப்பு இன்டர்லாக் கல், குளத்தின் விளிம்பில் கறுப்பு கிரானைட். தண்ணீரிலிருந்து ஏறும் பிள்ளைகள் நாலே எட்டில் துள்ளி ஓடி நிழலுக்குப் போவார்கள். ஓடும்போது வழுக்கும். கோயில் பிரகாரத்தில் விரிக்கிற மாதிரி கயிற்றுப் பாய் விரித்துத் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். பாய் மட்கி நாற்றம் அடித்தது.

இப்போது அந்த ஓட்டம் இல்லை. இதை மனதார சொல்கிறேன். சித்திரை மத்தியானத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கலாம். துப்பாக்கி மாதிரி பிடித்து அழுத்தும் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது, விளிம்பில் மிச்சம் இருக்கும் கறுப்பு கிரானைட் 60 டிகிரியை ஒட்டிக் காட்டிய நேரத்தில் இந்தப் பூச்சு 45ஐ ஒட்டிக் காட்டியது. எண் ஒரு பக்கம் இருக்கட்டும், காலுக்குத் தெரியும் வித்தியாசம் இதைவிடப் பெரியது. கிரானைட் அடர்த்தியான கல். உள்ளே வாங்கி வைத்த சூட்டைச் சட்டென்று பாதத்துக்குக் கடத்திவிடும். நுண்துளைகள் உள்ள பூச்சு அதே சூட்டில் இருந்தாலும் மெதுவாகத்தான் கொடுக்கும். எனக்கு இதைவிட நம்பிக்கையான சாட்சி என் அம்மை. முன்பெல்லாம் குளத்தோரக் கல்லில்தான் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) காயப்போடுவாள். இந்தப் பூச்சு போட்ட பிறகு, இங்கே காயவே மாட்டேங்குது என்று முறத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

மற்றவற்றை ஏன் விட்டோம் என்றும் நண்பன் கேட்டான். செயற்கைப் புல் பார்க்கப் பச்சையாக இருக்கும், வெயிலில் பழைய கல்லைவிட மோசமாகச் சுடும். மரம் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் கலவைப் பலகைகளும், அடர் நிறத்தில் வாங்கினால் அதே கதைதான். கோட்டா கல் ஒருவகைச் சுண்ணாம்புக் கல், ஆசிட் பட்டால் அரிக்கும். குளத்து வேலையில் ஆசிட் படாமல் இருக்காது. தேக்குப் பலகைக்கு எங்களிடம் காசு இல்லை. மாடிக்குப் போடும் வெள்ளை கூல் டைல் சூட்டுக்கு நல்லது. ஆனால் கடையில் காட்டிய வழவழப்பான ரகத்தில் ஈரக்காலை வைக்கவே பயமாக இருந்தது.

டைல் கடையில் ஒருவர், "கறுப்பு சுடும்னு யார் சொன்னது? பத்மநாபபுரம் அரண்மனைத் தரை கறுப்புதானே, ஐஸ் மாதிரி இருக்கும்" என்றார். தக்கலைக்குப் போய் அந்தத் தரையில் நடந்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தது என்பார்கள். ஆனால் அது கூரைக்குக் கீழே இருக்கிற தரை, ஒரு நாளும் உச்சி வெயில் பார்க்காதது. அதே கறுப்பை வெட்டவெளியில் கொண்டு வந்து போட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் குளத்து விளிம்பே போதும். அவர் சொன்னதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: நிழல் கொடுக்க முடிந்த இடத்தில் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரு பந்தலோ தகரச் சாய்ப்போ எந்தப் பூச்சையும்விட நன்றாக வேலை செய்யும்.

டைல்தான் வேண்டும் என்று போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். கடையில் ஆர் 10, ஆர் 11 என்று வழுக்காமை எண் சொல்லி விற்பார்கள். அது பூட்ஸ் போட்டுக்கொண்டு, எண்ணெய் ஊற்றிய சரிவில் நடந்து பார்க்கும் சோதனையின் எண். வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி வகைப்பாடு இருக்கிறது. குளத்தைச் சுற்றிய தரைக்கு பி வேண்டும், தண்ணீருக்குள் இறங்கும் படிக்கு சி வேண்டும். இதைக் கேட்டால் பல கடைகளில் முழிக்கிறார்கள். அப்படியும் கேளுங்கள்.

சரி, இப்போது பாசிக்கு வருகிறேன். இத்தனை நாளாக என்னை விடாமல் அரிப்பது அதுதான்.

இந்தப் பூச்சைப் போடும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். கம்ப்ரசர் வைத்துக் கலவையைத் தரையில் பொட்டுப் பொட்டாகத் தெளிப்பார்கள். அது பாதி இறுகும்போது, கரண்டியால் மேலாக ஒரு அமுக்கு. மேடுகள் தட்டையாகும், நடுவில் பள்ளங்கள் நிற்கும். பாதம் மேட்டில் நிற்கிறது, தண்ணீர் பள்ளத்தில் வடிகிறது. வழுக்காததற்கும், சூடு குறைவாகத் தெரிவதற்கும் அந்தப் பள்ளங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே பள்ளங்களில்தான் பாசி குடியேறுகிறது.

தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. நமக்கு ஜூன் வாக்கில் தொடங்கும் இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மழை இல்லாத நாளிலும் கடல் காற்றின் ஈரம். தென்னையும் வாத மரமும் (நாட்டு வாதுமை) நிழல் போடும் பக்கம் தரை முழுசாகக் காய்வதே அபூர்வம். குனிந்து பார்த்தால் முதலில் பள்ளத்தின் ஓரத்தில் ஊசி நூல் கனத்தில் ஒரு மஞ்சள் பச்சை தெரியும். விரலால் தேய்த்தால் வராது. ஒரு வாரம் விட்டால் அது கறுத்து, தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தரையில் கரி தெளித்த மாதிரி இருக்கும். வாரியலுக்கு அது மசியாது. கெட்டியான நைலான் பிரஷ் வைத்து, முட்டி போட்டுத் தேய்க்க வேண்டும். வேலைக்கு வரும் அக்கா ஒருநாள் பிரஷைக் கீழே வைத்துவிட்டு, "இதப் போட்டவன ஒரு நாளு இருந்து தேய்க்கச் சொல்லணும்" என்றார். அவர் கோபத்தில் ஒரு சொல்கூட அதிகம் இல்லை. அன்றிலிருந்து மழைக்காலத்தில் நாங்களும் சேர்ந்து தேய்க்கிறோம்.

பிரஷர் வாஷர் வாங்கினால் போதுமே என்பார்கள். வாங்கினோம். நீரை விசிறி மாதிரி விரிக்கும் மூக்கை மாட்டி, தள்ளி நின்று அடித்தால் உதவும். கிட்டே போனால் பாசியோடு சீலரும் பிய்ந்து போகும். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஊறவிட்டுத் தேய்ப்பது பலன் தருகிறது. இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிளீச்சிங் பவுடர் ஊற்றிய தரையில், கறை போகவில்லை என்று யாராவது கழிப்பறை ஆசிட்டைக் கொண்டு வந்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சை அடைக்கும், உயிருக்கே ஆபத்து. தனியாக ஊற்றினாலும் ஆசிட் சிமெண்டைத் தின்னும், பள்ளம் இன்னும் ஆழமாகும், அடுத்த மழையில் பாசிக்கு இன்னும் வசதி. எங்கள் வீட்டில் ஆசிட் பாட்டிலைக் குளத்துப் பக்கம் கொண்டு வரவே கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

வாத மர இலை தனித் தொல்லை. பழுத்துச் சிவந்த இலை ஈரத் தரையில் ஒரு ராத்திரி கிடந்தால், காலையில் இலையை எடுத்த இடத்தில் நரம்பு முதற்கொண்டு அதன் உருவம் பழுப்பாகப் பதிந்திருக்கும். தேயிலைக் கறை போல அதுவும் டானின் கறைதான். அதற்கு ஆக்ஸாலிக் ஆசிட்டை மிக நீர்க்கக் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, கறையில் மட்டும் தடவி உடனே கழுவினால் போகிறது. இதையும் பிளீச்சிங் பவுடர் ஊற்றிய நாளில் செய்யக் கூடாது. தேங்காய் விழுந்தால் பூச்சு சில்லுப் பெயர்கிறது. ஒட்டுப் போட்டால் நிறம் ஒத்துப்போகாது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது, பூச்சு போட்டவர் இதில் எதையுமே சொல்லாதது. "போட்டுட்டு மறந்திரலாம்" என்றார். சீலரை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மறுபடி அடிக்க வேண்டிவரும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. முதல் தடவை அவருடைய ஆட்கள் தரை சரியாகக் காயும் முன்பே சீலர் அடித்தார்கள். வடக்குப் பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போய், அப்புறம் உரிந்தது. கூப்பிட்டால் வரவில்லை. இந்த முறை மாசியில், தொடர்ந்து வெயில் அடித்த நாட்களாகப் பார்த்து, சீலரில் நைசான சிலிக்கா மணலைக் கலந்து நாங்களே ஆள் வைத்து அடித்தோம். மணல் கலக்காவிட்டால் சீலரின் பளபளப்பே வழுக்கும்.

விற்பனைத் தாளில் எஸ்.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருக்கும். வழக்கமான கறுப்புக்கு 0, வழக்கமான வெள்ளைக்கு 100 என்று வைத்து, வெயிலில் ஒரு பரப்பு எவ்வளவு சூடேறாமல் இருக்கிறது என்று சொல்வது. அது புதுத் தரையின் எண். பாசியும் அழுக்கும் ஏறி நிறம் மங்கிய தரை வெயிலைத் திருப்பி அனுப்பாது, வாங்கி வைத்துக்கொள்ளும். எங்கள் வடக்குப் பக்கத்தைத் தேய்க்காமல் விட்ட ஒரு பங்குனியில் அங்கே மட்டும் கால் சுட்டது. ஆக, இந்தப் பூச்சு கொடுக்கும் குளிர்ச்சி தேய்ப்பவரின் கையில் இருக்கிறது. நம் ஊரில் ஒரு தரையை வாங்கும் முன் சித்திரையில் எப்படி இருக்கும் என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. ஆடியிலும் கார்த்திகையிலும் அது எப்படி இருக்கும் என்பதுதான் பெரிய கேள்வி.

வாட்டத்தையும் பார்க்க வேண்டும். அடிக்குக் கால் அங்குலமாவது, குளத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சரிவு இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் கனமுள்ள இந்தப் பூச்சால் தப்பான வாட்டத்தைச் சரிசெய்ய முடியாது. அடித்தளத்தில் வெடிப்பு இருந்தால் அதுவும் மேலே வந்துவிடும்.

நண்பனுக்குப் பதில்: வேண்டாம். கால் சுடாது, பிள்ளைகள் விழமாட்டார்கள், பழையதை உடைத்து அள்ளும் செலவும் இல்லை, எல்லாம் உண்மை. ஆனாலும் வேண்டாம். சீலர் அடிப்பதற்கு முன் இந்தத் தரை முழுவதையும் பள்ளம் பள்ளமாகத் தேய்த்து எடுத்த தோள் வலி இன்னும் போகவில்லை. சித்திரையில் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. உன் வீட்டில் தோட்ட வேலைக்கு ஆள் கிடையாது, சுற்றிலும் ரப்பரும் பலாவும். நெருப்பில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய வெளிர் சாம்பல் கிரானைட்டைப் போடு. மத்தியானம் இரண்டு மணி நேரம் சுடும், அந்த நேரத்துக்கு மேலே ஒரு சாய்ப்பு இறக்கு. தேய்ப்பது பாதி வேலையாகக் குறையும்.

இல்லை, இதேதான் வேண்டும் என்றால் தூய வெள்ளையோ கிரீமோ எடுக்காதே. கடற்கரை மணல் நிறம் எடு, சூடு கொஞ்சம் கூடும், கறை பாதி மறையும். காசு கொடுப்பதற்கு முன், ஒரு பலகையில் இதே கலவையையும் இதே சீலரையும் போட்டுத் தரச் சொல்லி, அதைப் பலா மரத்தடியில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடத்திப் பார். பலகை தரமாட்டேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதே.