ஸ்ட்ராவா: ஓடுறதுக்கு நல்லம், ஆனா மப்பை மறைச்சுப்போட்டு ஓடுங்கோ

விடியக்காலமை பண்ணைப் பக்கம் போய்ப் பாருங்கோ, ஓடுறவை, நடக்கிறவை, வேலணைக்கு சைக்கிள் மிதிக்கிற பெடியள் எண்டு கனபேர், இப்ப கனபேரின்ர போனில ஸ்ட்ராவா எண்ட, ஓட்டம், சைக்கிள் எல்லாத்தையும் பதியிற அப் கிடக்கு. அப்பைப் பெரிசா குறை சொல்ல ஏலாது. தூரம், வேகம் எல்லாம் வடிவாக் காட்டும், காசு கட்டாமலே தேவையானது கிடைக்குது, ஆரும் கூடோஸ் (லைக் மாதிரி) போட்டா அடுத்த நாளும் எழும்போணும் போல இருக்கும். ஓட்டத்துக்கு 5க்கு 4 குடுப்பன்.

நான் எழுத வந்தது மப் விசயத்தை. செற்றிங்கில 'எவ்ரிவன்' எண்டு கிடந்தா உங்கட பேர், படம், வெளிக்கிட்ட நேரம், ஓடின பாதை எல்லாத்தையும் முன்பின் தெரியாத ஆக்களும் பாக்கலாம். வீட்டைச் சுத்தி மறைக்க வழி இருக்கு, 200 மீற்றரில இருந்து 1.6 கிலோமீற்றர் வரைக்கும். அடுக்குமாடி பிளட்ஸ் நிறைஞ்ச ரோட்டில 200 காணுமா இருக்கும், எங்கட ஒழுங்கையளில காணவே காணாது. ஒரு குச்சொழுங்கை, உள்ளுக்க நாலு படலை, மப்பில உங்கட பாதைக் கோடு ஒழுங்கை வாசலில வந்து நிண்டா மிச்சத்தை ஊராக்களே சொல்லிப்போடுவினம். 2022 இல பெல்ஜியத்தில லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மொத்தத் தூரத்தில மறைச்ச துண்டும் சேருறதால அதையும் ரோட்டு அமைப்பையும் வச்சே மறைச்ச இடத்தைப் பிடிக்கலாமெண்டு காட்டினவை. அதால குறைஞ்சது 1 கிலோமீற்றராவது வையுங்கோ.

ஆக்கள் குறைஞ்ச இடத்தில ஒராளின்ர தடம் தனிச்சுத் தெரியும். 2017 நவம்பரில ஸ்ட்ராவா விட்ட, எல்லாரும் ஓடின தடங்களைச் சேத்து வெளிச்சமாக் காட்டுற ஹீட்மப்பில சிரியா, ஆப்கானிஸ்தான் பக்கம் எல்லாம் இருட்டாக் கிடக்க இராணுவ முகாமுகள் மட்டும் வெளிச்சமாத் தெரிஞ்சு, 2018 ஜனவரியில உலகம் முழுக்கக் கதையானது இதாலதான்.

எனக்கு முகாமில்லை, பொம்பிளைப் பிள்ளையளைப் பற்றித்தான் யோசினை. ஒவ்வொரு விடியவும் அதே நேரம் அதே பாதை எண்டு வெளியில கிடந்தா, பின்னால வர நினைக்கிறவனுக்குத் தேடுற வேலையே இல்லை. அதுக்காகப் பிள்ளையளை ஓடாதை எண்டு வீட்டில இருத்துறது சரியே? மப்பை முழுசா மறைக்கலாம், அப்பவும் தூரம் நேரம் பதிவாகும். ஃபிளைபை எண்டது, அதே நேரம் உங்களுக்குக் கிட்டவா ஓடினவைக்கு உங்களைக் காட்டுறது, ஓஃப்பில இருக்கோ எண்டும் பாருங்கோ. சேந்து ஓடுற சிநேகிதியும் மறைக்கோணும், நீங்கள் பூட்டி அவ திறந்து விட்டா, அவவின்ர மப்பில உங்கட பாதையும்தான் கிடக்கும்.

ஸ்ட்ராவாவில இருக்கிற பீக்கன் உண்மையாவே நல்ல விசயம். நம்பிக்கையான 3 பேருக்கு லிங்க் போகும், அவைக்கு ஸ்ட்ராவா தேவையில்லை, நீங்கள் ஓடி முடியும் வரைக்கும் எங்க நிக்கிறியள் எண்டு வீட்டில இருந்தே பாக்கலாம், இருட்டோட வெளிக்கிடுற பிள்ளையின்ர அம்மாக்கு இது எவ்வளவு ஆறுதல். பெரிய வட்ஸ்அப் குறூப்பில லைவ் லொகேசன் போடுறதை விட இது எவ்வளவோ மேல், அந்தக் குறூப்பில ஆர் ஆர் இருக்கினமெண்டு ஆருக்குத் தெரியும்.

பிரைவசிக்கு 5க்கு இரண்டரை. தேவையானதெல்லாம் இருக்கு, ஆனா செற்றிங்ஸுக்குள்ள தேடித் தேடித்தான் எடுக்கோணும். இன்னொண்டு, இப்ப 'ஒன்லி யூ' எண்டு மாத்தினா இனி ஓடுறதுக்குத்தான் அது, பழைய ஓட்டங்கள் அப்பிடியே திறந்துதான் கிடக்கும், பிரைவசி கொன்ட்ரோல்ஸுக்குள்ள போய் 'எடிற் பாஸ்ற் அக்ரிவிற்றீஸ்' எண்டதில அதுகளையும் சேத்து மாத்திவிடுங்கோ.